இடது கைக்கு முப்பத்தெட்டு

தாமதத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று சொன்ன மனிதர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். பத்து மணிக்கு வரவேண்டியவர். பன்னிரண்டு ஆகியும் ஆளைக் காணோம் என்றதும் அக்கா ஜன்னலோரம் நின்றபடி அவருக்குத் ‘தாமதக்காரர்’ என்று பெயரே வைத்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் நான் வேண்டிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் வரக்கூடாது. வழியில் வண்டி பழுதாகட்டும், விலாசம் தொலையட்டும், யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லாமல் எது நடந்தாலும் சரி, எங்கள் கம்ப்யூட்டரை அவர் தொடக்கூடாது.

என் பயம் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு மாதம் மறைத்தாகிவிட்டது, இனிமேலும் மறைக்க எனக்குத் தெம்பில்லை. என் அக்காவின் இடது கை மந்தமாகிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்தான் தாமதம் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் சரியாகிவிட்டால் பழி போட அப்புறம் எதுவும் மிஞ்சாது.

எங்கள் தொழிலைச் சொன்னால்தான் இது புரியும். இரண்டாவது மாடியில் வீடு. பின்னறையில் ஒரு கீபோர்டு, ஒரு கம்ப்யூட்டர், அதன் சத்தத்தை வெளியே எடுக்கும் ஒரு சவுண்ட் பெட்டி, இரண்டு ஸ்பீக்கர். வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்கப் பழைய மெத்தைப் பஞ்சை அடைத்து நானே தைத்துத் தொங்கவிட்ட கனமான திரைகள். அக்கா வாசிப்பாள், நான் பதிவு செய்வேன். எங்கள் கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. அவள் ஒரு கட்டையை அழுத்தினால் அந்தச் செய்தி வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும், கம்ப்யூட்டர் பியானோ சத்தத்தை உண்டாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். பெரிய வேலைகள் எதுவும் எங்களைத் தேடி வந்ததில்லை. உடற்பயிற்சி வகுப்புக்கு வாசிப்போம், பல் ஆஸ்பத்திரி வரவேற்பறைக்கு வாசிப்போம், எல்லாவற்றையும்விட அதிகமாக, போனில் ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று சொல்லிவிட்டு ஓடவிடுவார்களே, அதற்கு வாசிப்போம். ஆயிரக்கணக்கான பேர் எரிச்சலோடு காதில் போனை வைத்துக்கொண்டு என் அக்காவின் விரல்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியாது, தெரிந்தாலும் சந்தோஷப்படப் போவதில்லை.

ஏழு மாதத்துக்கு முன் அப்படி ஒரு காத்திருப்பு இசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சுரம் எப்போது விழுந்தது என்பது கம்ப்யூட்டர் திரையில் சின்னச் சின்னக் கோடுகளாகத் தெரியும். இரண்டு கையும் சேர்ந்து விழவேண்டிய இடங்களில் இடது கை எட்டு மில்லி செகண்ட் பின்னால் விழுந்திருந்தது. ஒரு வினாடியை ஆயிரம் துண்டாக்கினால் அதில் எட்டுத் துண்டு. மனிதக் கை என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும், அதற்கெல்லாம் யாரும் பயப்படுவதில்லை. ஆனால் ஒரு இடத்தில்கூட முன்னே இல்லை. அத்தனை இடத்திலும் பின்னே. அதைப் பார்த்து நான் பயந்தேன்.

காரணம் எங்கள் அப்பா. அவர் தையல்காரர். அவருக்கும் இடது கையில்தான் தொடங்கியது. முதலில் நடுக்கம்கூட இல்லை, மந்தம்தான். துணியைத் தள்ளும் கை ஊசிக்குப் பின்னால் தங்கிப்போகும், தையல் கோணிக்கொள்ளும். அம்மா அதைப் பார்த்தாள், யாரிடமும் மூச்சுவிடவில்லை. வாடிக்கையாளர் முன்னால் அவர் திணறக்கூடாது என்று ஒரு டஜன் ஊசிகளில் முன்கூட்டியே நூல் கோத்து வைத்துவிடுவாள். டீ கொடுத்தால் சிந்தாமல் இருக்க அரைக் கப்தான் ஊற்றுவாள். ஏன் அரைக் கப் என்று அப்பா கேட்டதில்லை, அம்மாவும் சொன்னதில்லை. இரண்டு வருடம் அப்படியே ஓடியது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நடுக்குவாதம் என்றார்கள். எப்போது ஆரம்பித்தது, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அம்மா தன் கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அக்காவும் நானும் பக்கத்தில்தான் நின்றோம்.

அதைக் கண்ணால் பார்த்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? அன்றைக்கே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் இடது கை சுரங்களைத் தனி டிராக்காகப் பிரித்தேன். ஒவ்வொரு டிராக்குக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் ஓர் எண்ணைப் போட்டால் அந்த டிராக் முழுவதும் அவ்வளவு மில்லி செகண்ட் முன்னால் நகரும். எட்டு என்று போட்டேன். இரண்டு கையும் சேர்ந்துகொண்டன. நோய்க்கே மருந்து கண்டுபிடித்துவிட்ட மாதிரி அப்போது ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறையத் தோன்றுகிறது. அடுத்த பாட்டுக்குப் பதினொன்று தேவைப்பட்டது.

அதோடாவது விட்டேனா? ஐந்து மாதத்துக்கு முன் ஒரு நாள் அக்கா கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டு, சத்தம் எங்கேயோ தங்கி வருகிறதே என்றாள். கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, அதுதான் தாமதம் என்றேன். சொன்ன பொய் நிற்கவேண்டுமே. அவள் குளிக்கப் போன நேரத்தில் கம்ப்யூட்டரில் சத்தத்துக்கான அமைப்பைத் திறந்து, தாமதத்தை நானே கூட்டி வைத்தேன். இரண்டு கையுமே தாமதமாகக் கேட்டால் ஒரு கை மட்டும் தனியாகத் தெரியாது அல்லவா. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நன்றாக ஆடத் தெரிந்தவளுக்காக நான் கூடத்தையே கோணலாக்கி வைத்தேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஏழு மாதம் ஓடியதற்கு என் கெட்டிக்காரத்தனம் காரணமில்லை. அக்கா என்னை நம்பினாள், அவ்வளவுதான். அந்தக் கோணல் கூடத்திலும் அவள் பழகிக்கொண்டாள். நல்ல கைகளுக்கு அது முடியும். சத்தம் பிந்தி வரும் என்று தெரிந்தால் விரல் தானாக முந்திக்கொள்ளும்.

பிறகு ஒரு நடனக் குழு அவளை மேடையில் வாசிக்கக் கூப்பிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி. பதிவு என்றால் பின்னால் உட்கார்ந்து நான் நகர்த்திவிடலாம். மேடையில் யார் நகர்த்துவது? எங்கள் கம்ப்யூட்டரோடு போன முதல் ஒத்திகையிலேயே டிரம் வாசிப்பவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் கம்ப்யூட்டர் பாதி வழியில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருகிறது என்றாராம். அக்கா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஒரு ஆளுக்குச் சொல்லிவிட்டாள். நானே சரி செய்கிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உனக்கு எதற்குச் சிரமம் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அவர் வருவதற்குள் கூட்டி வைத்ததைக் குறைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். குறைத்தால் அக்காவுக்குத் தெரிந்துவிடும், குறைக்காவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தாமதக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். தோளில் பெரிய பை, நெற்றியில் வியர்வை, வாய் நிறைய மன்னிப்பு. ரேடியோ நிலையங்களிலும் அரங்குகளிலும் இதே வேலையாகத் திரிகிறவராம். நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன். அவர் தளும்பிய கப்பை மேஜையில் வைத்தபடியே குனிந்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, அப்புறம்தான் கையில் எடுத்தார். அக்கா இரண்டே மடக்கில் தன் டீயை முடித்துவிட்டுக் கீபோர்டு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

முதலில் அளக்கவேண்டும் என்றார் அவர். பையிலிருந்து ஒரு சின்ன ரெக்கார்டரை எடுத்துக் கட்டைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைத்தார். அக்காவை ஒரே ஒரு கட்டையை நகத்தால் டக்கென்று தட்டச் சொன்னார். நகம் படும் சத்தம் முதலில் பதிவாகும், பியானோ சத்தம் அப்புறம் பதிவாகும், நடுவிலுள்ள இடைவெளிதான் தாமதம். தொண்ணூற்றாறு மில்லி செகண்ட் வந்தது. அவர் புருவத்தைத் தூக்கினார். இதை வைத்துக்கொண்டா இவ்வளவு நாள் வாசித்தீர்கள் என்று அக்காவைப் பார்த்து அதிசயப்பட்டார். அவள் முகத்தில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பல நாளாகத் தொலைந்த சாவி கிடைத்தவள் மாதிரி இருந்தாள்.

“கம்ப்யூட்டர்தானே சார்?” என்று கேட்டாள்.

“வேற யாரு? அதுதான் குற்றவாளி” என்றார் அவர்.

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழிகூட இல்லை, அந்தப் பத்தடி அறைதான். அவர் ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். சத்தத்தை மெருகேற்றுவதற்காக நான் போட்டிருந்த சில வேலைப்பாடுகள் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டுதான் விடும். பதிவு முடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று அவற்றை எடுத்தார். எழுபத்தொன்று. கம்ப்யூட்டர் பொதுவாக வைத்திருக்கும் டிரைவர் மென்பொருளை விட்டுவிட்டு, எங்கள் சவுண்ட் பெட்டிக்கென்றே தயாரித்த டிரைவரைப் போட்டார். ஐம்பத்து நான்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் அக்கா கை தட்டாத குறை. நான் ஒளிந்துகொண்டிருந்த போர்வையை யாரோ காலிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அவர் அந்தப் பக்கத்தைத் திறந்தார். நான் திறந்த அதே பக்கம்.

“பஃபர் ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டா? யாரு இதை இவ்வளவு பெருசா வச்சது?”

அக்காவுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். கம்ப்யூட்டர் சத்தத்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றாதாம், பஃபர் என்கிற ஒரு வாளியில் நிரப்பி நிரப்பித்தான் ஊற்றுமாம். வாளி பெரிதாக இருந்தால் நிரம்புவதற்கு நேரமாகும், அதுதான் தாமதம். வாளி ரொம்பச் சின்னதாக இருந்தால் கம்ப்யூட்டருக்கு நிரப்பி மாளாது, சத்தம் கரகரக்கும். வாசிக்கும்போது எவ்வளவு சின்ன வாளி தாங்குமோ அவ்வளவு சின்னதாக வைக்கவேண்டும், பதிவெல்லாம் முடிந்து சேர்க்கும்போது பெரிய வாளி வைத்துக்கொள்ளலாம். இதுதான் அவருடைய மொத்த வித்தை. அக்கா தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். அப்டேட் செய்தபோது அதுவாக மாறியிருக்கும் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினார்.

ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று வைத்தார், தாமதம் இருபத்திரண்டானது. நூற்று இருபத்தெட்டு என்று வைத்தார், ஒன்பதானது. அறுபத்து நான்கில் சத்தம் கரகரத்தது, மறுபடி நூற்று இருபத்தெட்டுக்கே வந்து நின்றார். ஒன்பது மில்லி செகண்ட் என்றால் பியானோவிலிருந்து பத்தடி தள்ளி நிற்பவருக்குச் சத்தம் போய்ச் சேருவதற்குள் ஆகும் நேரம். அந்த அளவுத் தாமதத்தை எந்தக் காதும் குறை சொல்லாது என்றார். பழைய தாமதத்துக்குப் பழகிய கை இப்போது முந்திக்கொண்டு ஓடும், அது அடங்கட்டும், கொஞ்ச நேரம் சும்மா வாசியுங்கள் என்றார்.

அக்கா வாசித்தாள். நடனக் குழுவுக்கான பாட்டுத்தான். நான் என் இடது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன். ஏழு மாதமாகத் தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன் அதைத்தான் செய்கிறேன். அதே அப்பாவுக்குப் பிறந்தவள்தானே நானும். அக்காவுக்காகப் பயந்தேன் என்று சொன்னால் பாதி உண்மை, எனக்காகவும்தான் பயந்தேன். நான் வாயைத் திறந்து சொன்னால் அது வீட்டுக்குள் வந்துவிடும், சொல்லாதவரை வாசலில் நிற்கும் என்று ஒரு மூடநம்பிக்கை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

பாட்டு பாதியில் நின்றது. அக்கா சிரித்த முகத்தோடு திரும்பினாள்.

“வலது கை பிரமாதம் சார். தொட்டவுடனே பேசுது. இடது கைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கு. அதையும் குறைச்சிடுங்க.”

அவர் பையை மூட ஆரம்பித்திருந்தார். நிமிராமலே சிரித்தார்.

“ரெண்டு கையும் ஒரே வயர்லதாம்மா வருது. மெஷின் ஒரு கைக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ணாது.”

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். அக்காவும் சிரிக்க முயன்றாள். முகம் ஒத்துழைக்கவில்லை. மறுபடி இரண்டு கையையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினாள், இன்னொரு தட்டு, இன்னொன்று. டகக், டகக் என்று இரட்டையாக விழுந்தது. ஏழு மாதம் நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் அப்போதுதான் முதல்முறையாகக் காதால் கேட்டாள்.

அவருக்கும் கேட்டது. கீழ்ப்பக்கக் கட்டைகளில் கோளாறு இருக்கலாம், பார்த்துவிடலாம் என்று மறுபடி உட்கார்ந்தார். ஒரு வயர் மேல் சந்தேகம் வந்தால் இன்னொன்றோடு மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் தங்கள் வழக்கம் என்றார். கீழ்க் கட்டைகளை வலது கையால் வாசிக்கச் சொன்னார். தாளம் எண்ணும் மெட்ரோனோமின் டிக் டிக்கோடு இம்மி பிசகாமல் விழுந்தது. மேல் கட்டைகளை இடது கையால் வாசிக்கச் சொன்னார். திரையில் கோடுகள் ஒவ்வொன்றும் டிக்குக்குப் பின்னால் தங்கித் தங்கி விழுந்தன. இன்னும் ஒரு தடவை என்றார். அப்புறம் இன்னும் ஒரு தடவை என்று அவர் சொல்லவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

“கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லம்மா” என்றார், ரொம்ப மெதுவாக.

அக்கா தலையாட்டினாள். அவள் இடது கை கட்டைகளின் மேலேயே இருந்தது. அதை அவள் வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் பக்கத்தில் போகவேண்டும் போலிருந்தது, ஆனால் கதவோரமே நின்றேன்.

அவரை வழியனுப்பப் படிக்கட்டு வரை போனேன். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

“ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு தானா மாறாதும்மா. மெஷினோட கோளாறு வெளிய தெரியாம இருக்கணும்னாதான் நாங்களே அப்படிப் பெருசா வைப்போம்.”

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார்.

நான் திரும்பி வந்தபோது அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவள் தலையிட்டதே கிடையாது, மவுஸைக்கூட இரண்டு விரலால்தான் தொடுவாள். போன வாரம் முடித்த பாட்டைத் திறந்து வைத்திருந்தாள். விரலால் திரையைத் தொட்டுக் காட்டினாள். ‘இடது’ என்று நான் பெயரிட்டிருந்த டிராக். பக்கத்தில் அந்தக் கட்டம்.

“இது என்ன முப்பத்தெட்டு?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், அவள் குளிக்கப் போன நேரத்தில் செய்ததையும். பழைய பாட்டுகளையெல்லாம் தேதி வரிசையில் திறக்கச் சொன்னாள். நான் ஒவ்வொன்றாகத் திறந்தேன், அவள் கட்டத்திலிருந்த எண்ணைச் சத்தமாகப் படித்தாள். எட்டு. பதினொன்று. பதினொன்று. பதினாலு. பதினேழு. பதினேழு வந்த இடத்தில் நின்று, இது அந்தப் பல் ஆஸ்பத்திரிப் பாட்டா என்றாள். ஆமாம் என்றேன். அதை வாசித்தபோது எவ்வளவு சுலபமாக வந்தது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருந்தாளாம். இருபத்தொன்று. இருபத்தாறு. முப்பது. முப்பத்துநாலு. கடைசியில் மறுபடி முப்பத்தெட்டு.

எல்லாவற்றையும் பூஜ்யமாக்கு என்றாள். ஆக்கினேன். கடைசிப் பாட்டைப் போடச் சொன்னாள். ஸ்பீக்கரில் அவளுடைய இரண்டு கைகளும், நான் தொடாத கைகள், ஒன்று முன்னால் நடக்க ஒன்று பின்னால் இழுத்துக்கொண்டு வந்தன. மூன்று நிமிடப் பாட்டு. முடியும்வரை கேட்டாள்.

“அம்மா பண்ணதையேதான் நீயும் பண்ணியிருக்க.”

“பயமா இருந்துச்சுக்கா.”

“எனக்குப் பயம் இருக்காதா? ஏழு மாசம் நீ தனியா பயந்துட்டு இருந்திருக்க. என்னையும் சேத்திருக்கலாம்ல?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்விக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், நரம்பு எங்கேயாவது பிடித்துக்கொண்டிருக்கலாம் என்று உளறினேன். இருக்கலாம், அதைச் சொல்லவேண்டியவர்கள் சொல்லட்டும் என்றாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், இந்த எண்களையெல்லாம் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொள், எப்போது ஆரம்பித்தது என்று கேட்பார்கள், இந்தத் தடவை பதில் சொல்ல ஆள் இருக்கவேண்டும் என்றாள். வெள்ளிக்கிழமை பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எழுதி முடித்துவிட்டு டீ போடுகிறேன் என்று எழுந்தேன். அந்த அறையிலிருந்து தப்ப எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சமையலறையில் பால் பொங்கும்வரை என் கைகள் இரண்டும் நடுங்கிக்கொண்டே இருந்தன. இது வெறும் பயத்தின் நடுக்கம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

அக்கா கப்பைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

“நாலு மாசமா நீ எனக்கு அரைக் கப்தான் தர்ற. தெரியுமா உனக்கு?”

குனிந்து பார்த்தேன். அரைக் கப்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. கட்டத்தில் போட்ட எண்களெல்லாம் தெரிந்து போட்டவை. இதை என் கை தானாகச் செய்திருக்கிறது.

“சத்தம் பிந்தறதை வச்சு நான் எதையும் நினைக்கல. இந்தக் கப்பைப் பாத்துதான் பயந்தேன். கம்ப்யூட்டர்னு நீ சொன்னது நிஜமா இருந்துடணும்னுதான் அந்த ஆளை வரச் சொன்னேன்.”

அவள் கப்பை என் பக்கம் நகர்த்தினாள். முழுசாக ஊற்றிக்கொண்டு வா என்றாள். நான் மறுபடி சமையலறைக்குப் போய், பாத்திரத்தில் மீதியிருந்ததையும் ஊற்றி விளிம்புவரை நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து வைத்தேன். அக்கா அதை இடது கையால் எடுத்தாள். வாய்வரை கொண்டுபோவதற்குள் கப் இரண்டு முறை தயங்கியது. டீ சாஸரிலும் மேஜையிலும் சிந்தி, நான் எழுதி வைத்திருந்த தாளின் ஓரத்தைத் தொட்டது. துணியை எடுக்க எழுந்தேன். துடைக்காதே, உட்கார் என்றாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கப்பைக் கீழே வைத்தாள்.

“இன்னைக்குத் தேதி போட்டு இதையும் எழுது.”